மழை, பால், தீபாவளி: கெடா தோட்டங்களின் ஆண்டிறுதி

மலேசியாவின் கெடாவில் ரப்பர் தரும் பால்மரத் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், ஆண்டின் கடைசி மூன்று மாதங்களைப்போல் இழுபறியான காலம் வேறு கிடையாது. ஐப்பசியில் தீபாவளி வரும். அதே ஐப்பசியில் மழையும் வலுக்கும். மழை விட்டு மார்கழிப் பனி இறங்கும்போது மரம் நிறையப் பால் கொடுக்கும். தை முடிவதற்குள் இலை உதிரத் தொடங்கிவிடும். அதன்பின் பங்குனிவரை மரத்தில் பால் சுருங்கிப்போகும். மரம் கொடுக்கிற நேரம், வானம் தடுக்கிற நேரம், கம்பெனி கணக்கை முடிக்கிற நேரம், மனிதன் பிள்ளை குட்டிகளோடு வீட்டில் இருக்க ஆசைப்படுகிற நேரம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும்.

ஆட்களை எப்படி மனம் தளராமல் வேலைக்கு வரவைப்பது என்ற கேள்வி இந்த மூன்று மாதத்தில்தான் தோட்ட ஆபீசுகளில் பெரிதாக எழும். நூறு ஆண்டுகளில் அதற்குப் பல பதில்களைச் செய்துபார்த்தார்கள். கங்காணிக்குத் தலைக்காசு கொடுத்தார்கள். கள்ளுக்கடை திறந்தார்கள். தீபாவளி அட்வான்ஸ் கொடுத்தார்கள். அளவுக்கு மேல் எடுத்த பாலுக்குக் கூடுதல் காசு கொடுத்தார்கள். இவற்றில் எது மனிதனை மறுநாள் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குக் கொண்டுவந்தது, எது கொண்டுவரவில்லை என்பதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு.

நான் 1974இல் பீடோங் பக்கத்தில் ஒரு தோட்ட ஆபீசில் சின்னக் கிராணியாக (எழுத்தராக) சேர்ந்தவன். அப்பா அதே தோட்டத்தில் பால் வெட்டினார். தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கியவர். செக்ரோல் எழுதுவது என் வேலை. யார் பெரட்டுக்கு வந்தார், யார் வரவில்லை, யாருக்கு முழுநாள் பேர், யாருக்கு அரைநாள் பேர், எத்தனை ராத்தல் பால், எவ்வளவு பிடித்தம் என்று மாதம் முழுக்க எழுதிக்கொண்டிருப்பேன். தோட்டத்து ஜனங்களின் மனநிலை அந்தக் கட்டங்களுக்குள் தெரியும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கட்டங்கள் நெருக்கமாக நிறைந்திருக்கும். தீபாவளி கழிந்த இரண்டாம் வாரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஏன் அப்படி என்பதைத் தெரிந்துகொள்ள முதலில் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

1909இல் பாங்காக்கில் செய்துகொண்ட ஒப்பந்தப்படி சயாமின் மேலாட்சியிலிருந்து கெடா பிரிட்டிஷ்காரர் கைக்கு மாறியது. அதற்குமுன்பே தென்கெடாவில் காடு வெட்டத் தொடங்கியிருந்தார்கள். அதற்குப் பின் அது வெள்ளமாய்ப் பெருகியது. கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் என்று இன்று நாம் பட்டணங்களாகப் பார்க்கிற ஊர்களெல்லாம் பால்மரத்தின் நிழலில் வளர்ந்தவை. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கொண்டுவந்தவர் கங்காணி. அவர் கொண்டுவந்த ஆள் ஒவ்வொருவரும் வேலைக்கு வருகிற ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்கு ஆளுக்கு ஒரு காசு, இரண்டு காசு என்று தோட்டம் கொடுத்தது. இதுதான் தலைக்காசு.

இந்த ஏற்பாட்டின் உட்பொருளைக் கவனிக்கவேண்டும். வேலைக்கு வருகிறவனுக்கு ஊக்கம் கொடுக்காமல், அவனை எழுப்பிவிடுகிறவனுக்குக் கொடுத்தார்கள். காய்ச்சலில் கிடந்தவன் வராவிட்டால் கங்காணிக்கு நஷ்டம். பண்டிகைக்கு மறுநாள் ஒருவன் அசந்து தூங்கினாலும் நஷ்டம். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்து வாசலில் பிரம்போடு நிற்பதற்கு அந்த ஒன்றிரண்டு காசே போதுமான காரணமாக இருந்தது. நல்ல கங்காணிகளும் இருந்தார்கள். ஊர்க்காரன், உறவுக்காரன் என்று பார்த்து நடந்தவர்களைப் பற்றித் தாத்தா சொல்லியிருக்கிறார். ஆனால் ஏற்பாடு நல்லவனையும் கெட்டவனாக இருக்கச் சொல்லும் ஏற்பாடு. 1938இல் இந்திய அரசாங்கம் உதவிப் பயணத்தில் ஆட்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியதோடு கங்காணியின் ஆள்கட்டும் காலம் முடிந்தது. தலைக்காசின் பழக்கம் மட்டும் பின்னால் வேலை மேற்பார்த்த தண்டல்களின் மனத்தில் வெகுகாலம் தங்கியது.

கூலி விஷயமும் இதோடு சேர்ந்தது. 1920களின் இறுதியில் போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளுக்கு ஆணுக்கு நாளுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்று நியாயக் கூலி வகுத்தார்கள். அந்த மை காய்வதற்குள் ரப்பர் விலை சரிந்தது, கூலி குறைந்தது, 1930 முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் பெருந்திரளான ஜனங்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். 1936 டிசம்பரில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி இந்திய அரசாங்கத்தின் சார்பில் தோட்ட நிலைமையைப் பார்க்க மலாயா வந்தார். பழைய கூலியைத் திரும்பக் கொடுக்கவேண்டும், கங்காணி ஆள்கட்டு ஒழியவேண்டும் என்றார். ஆண்டிறுதியில் தோட்டம் பார்க்க வந்த ஒருவர் ஆண்டிறுதியின் பசியைப் பார்க்காமல் போயிருக்க முடியாது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

பழைய தொழிலாளர் சட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது. தோட்ட முதலாளி மாதத்தில் 24 நாளாவது வேலை கொடுக்கவேண்டும் என்பதே அது. சுதந்திரத்துக்கு முன் வந்த 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்திலும் அந்த விதி தொடர்ந்தது. மழைமாதத்தில் அந்த 24 நாள்தான் கத்திமுனை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. வெட்டின கோட்டில் ஓடவேண்டிய பால் பட்டையெங்கும் வழிந்து வீணாகும். பால் வடியும் மங்கில் மழைநீர் சேரும். ஈரத்தில் வெட்டுக்காயம் அழுகிப்போகும். ஆகவே விடியற்காலை மழை பெய்தால் பெரட்டுக்களத்தில் கூடி நின்று வானத்தைப் பார்ப்பார்கள். சில நாள் புல் வெட்டவோ கால்வாய் தோண்டவோ அனுப்புவார்கள். பல நாள் வீட்டுக்குத்தான். தீபாவளி வருகிற மாதத்தில் கை வெறுமையாக இருப்பதற்கு இதுவே முதல் காரணம்.

கள்ளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை, அந்தக் கடை லாபத்தில் ஒரு பங்கு தொழிலாளர் நலனுக்கு என்று கணக்கு. சம்பள நாளும் பண்டிகை நாளும் கடைக்கு அறுவடை. உடம்பு வலிக்கு மருந்து என்று துரைகள் பேசினார்கள். ஆள் தோட்டத்தைவிட்டு வெளியே போகாமலிருக்க அது ஒரு கயிறு என்பது தொழிலாளிக்கும் தெரியும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, கள்ளுக்கடையை மூடவேண்டும் என்பதும் துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற கட்டாயம் நீங்கவேண்டும் என்பதும் கோரிக்கைகளாக இருந்தன.

எங்கள் வட்டாரத்தில் அந்த நெருப்பு போருக்குப் பின் பற்றியது. ஜப்பான்காரன் காலத்தில் கெடா தோட்டங்களிலிருந்தும் ஆண்களைச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள்; திரும்பாதவர்கள் ஏராளம். 1943இல் கெடாவையே சயாமிடம் ஒப்படைத்தார்கள். போர் முடிந்து லயங்களில் மிஞ்சிய ஜனம் பழைய ஜனமாக இல்லை. பீடோங் அருகே ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படை அமைத்தார். இளைஞர்கள் அணிவகுத்தார்கள். கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். குடித்துவிட்டு வேலைக்கு வராதவனை அவர்களே கண்டித்தார்கள். 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் மறியல் கூட்டத்தைப் போலீஸ் தாக்கியதில் ஒரு தொழிலாளி இறந்தார். மார்ச் தொடக்கத்தில் கூலிம் பக்கம் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டு இன்னொரு உயிர் போனது. பலர் சிறைக்குப் போனார்கள்.

இதைக் கலவரம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படி எழுதக் கை வராது. கங்காணியின் பிரம்பும் கள்ளுக்கடையும் செய்ய முடியாத ஒரு காரியத்தைத் தொண்டர் படை செய்தது: தொழிலாளி தன் உடம்பையும் தன் நாளையும் தானே கட்டிக்காக்க முடியும் என்று காட்டியது. குடிக்காத தீபாவளி என்ற எண்ணமே எங்கள் லயங்களில் அவர்கள் விட்டுப்போனதுதான். என் அப்பா கடைசிவரை கள் தொடவில்லை. அவர் சின்ன வயதில் அந்த அணிவகுப்பைப் பார்த்தவர்.

1948இல் அவசரகாலம் வந்தது. ஊரடங்கும் அரிசிப் பங்கீடும் வந்தன. விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்குக்கூட வெளிச்சம் பார்த்து எழவேண்டிய ஆண்டுகள் அவை. 1954இல் சிதறிக்கிடந்த தோட்டச் சங்கங்கள் ஒன்றாகி, பி.பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அதற்குப்பின்தான் கூலியும் விடுமுறையும் பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தன. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி என்பது தாத்தா தலைமுறைக்குப் புரியாத ஒன்று. தீபாவளியன்று வீட்டில் இருந்துகொண்டு பேர் விழுகிறது என்பதைக் கேட்டுத் தாத்தா, "துரை தப்பா எழுதிட்டாரா?" என்று அப்பாவிடம் விசாரித்தாராம்.

இனி நான் கண்ணால் பார்த்த காலம்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஆபீசில் அட்வான்ஸ் பட்டியல் தொடங்கிவிடும். சட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு: முந்திய மாதம் சம்பாதித்த சம்பளத்துக்கு மேல் முன்பணம் கொடுக்கக் கூடாது. தொழிலாளியைக் கடனில் அமுக்காமல் காப்பதற்கு வந்த விதி, நல்ல விதிதான். ஆனால் எங்கள் வட்டாரத்தில் செப்டம்பரே மழைமாதம். செப்டம்பரில் வேலை குறைந்தால் அக்டோபரில் அட்வான்ஸும் குறையும். கையில் ஒன்றுமில்லாதவனுக்குத்தான் கடனும் கிடைக்காது. பட்டியலில் தன் தொகையைக் கேட்டுவிட்டு ஒரு பெண் ஆபீஸ் சன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கிராணி ஐயா, நாங்க வராம இருந்தோமா? தெனம் பெரட்டுக்கு வந்தோம். வானம் பேய்ஞ்சா நாங்க என்னாங்கய்யா செய்வோம்?"

அந்தக் கேள்விக்குத் தோட்டத்தில் ஒரு பதில் இருந்தது. மழையில் போன நாளுக்கு ஈடாக, ஓய்வு நாளில் கூடுதல் கூலிக்குப் பால் வெட்டுவது. ஒருவரையும் வற்புறுத்தத் தேவையிருக்காது. ஓய்வு நாள் வெட்டு உண்டு என்று தண்டல் மாலையில் லயத்துப் பக்கம் சொல்லிவிட்டுப் போனால் போதும். நாலரை மணிக்கெல்லாம் உளி தீட்டும் சத்தம் கேட்கும். பிள்ளைக்கு ஒரு சட்டை, அம்மாவுக்கு ஒரு புடவை, ஆட்டுக்கறிப் பங்குக்கு ஒரு கிலோ என்று ஒவ்வொரு ராத்தலும் மனத்துக்குள் ஒரு பொருளாக மாறிக்கொண்டிருக்கும். அந்த வாரங்களில் தோட்டத்து ஜனங்களைச் சோம்பேறி என்று சொல்ல எந்தத் துரைக்கும் வாய் வராது.

பெண்களின் பாடு தனி. நாலு மணிக்கு எழுந்து சோறு வைத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு வந்து, நானூறு ஐந்நூறு மரம் வெட்டி, பதினொரு மணிக்கு மேல் பால் எடுத்து, காண்டா வாளியைத் தோளில் தூக்கி ஸ்டோருக்கு வந்து நிறுத்துப் போட்டு வீடு திரும்ப இரண்டு மணி ஆகும். அதற்குமேல்தான் முறுக்கு, அதிரசம், சுவருக்குச் சுண்ணாம்பு எல்லாம். இதை அவர்கள் தனித்தனியாகச் செய்யவில்லை. இன்றைக்கு ஒரு வீட்டு மாவு, நாளைக்கு அடுத்த வீட்டு மாவு என்று லயம் முழுக்க முறைவைத்துச் சுடுவார்கள். மாதச் சீட்டில் தீபாவளிக்கு முந்திய ஏலத்தைப் பெண் கட்டிக்கொடுக்கிற வீட்டுக்கு விட்டுக்கொடுப்பார்கள். பிள்ளை பெற்று எழுந்தவளுக்கு மேட்டு நிரை (மேட்டிலிருக்கும் மரவரிசை) விழுந்திருந்தால் பக்கத்து நிரைக்காரி தன் சமநிரையைக் கொடுத்துவிட்டு மேட்டுக்குப் போவாள். நல்ல தண்டல் இதைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிடுவார். கெட்ட தண்டல் ஆபீசில் வந்து சொல்வார். ஒரு தோட்டத்தின் ஆண்டிறுதி எப்படிப் போகும் என்பதை அந்தத் தண்டல் எப்படிப்பட்டவர் என்பதைக் கேட்டே சொல்லிவிடலாம்.

பட்டணத்துக்குப் போவதே ஒரு விழா. அட்வான்ஸ் கொடுத்த அன்று பிற்பகல் தோட்டத்து லாரியில் சுங்கை பட்டாணிக்கு. மணிக்கூண்டு இருக்கிற ஜாலான் இப்ராஹிமில் கால் வைக்க இடமிருக்காது. துணிக்கடையில் ரொக்கம், மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 புத்தகம். அந்தச் சின்ன நோட்டுப் புத்தகத்தில்தான் தோட்டத்து ஜனங்களின் உண்மையான வரவுசெலவு இருந்தது. தமிழ் நேசன் தீபாவளி மலர் வாங்கிக்கொண்டு வருபவர் ஒருவர் இருந்தால் அது பத்து வீடு சுற்றும்.

தீபாவளியன்று எங்கள் தோட்டத்தில் ஒரு மரம்கூட வெட்டமாட்டார்கள். ஆனால் தோட்டம் முழுக்கத் தூங்கிவிட முடியாது. தண்ணீர் பம்பு ஓடவேண்டும். இன்ஜின் ஓடினால்தான் லயத்துக்கு விளக்கு. காவலுக்கு ஆள் வேண்டும். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்கள் சிலர் லாரி ஓட்டவும் காவல் காக்கவும் எங்களிடம் வேலை செய்தார்கள். அன்று பம்பையும் இன்ஜினையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நோன்புப் பெருநாளுக்கு எங்கள் ஆட்கள் அவர்கள் இடத்தில் நிற்பார்கள். ஆபீஸ் உத்தரவு எதுவும் கிடையாது. யார் எந்த நாள் என்பதை ஸ்டோர் வாசலில் நின்று பேசி முடித்துவிட்டு வந்து என்னிடம் சொல்வார்கள், நான் எழுதிக்கொள்வேன். என் வேலைக் காலத்தில் ஒரு தடவையும் அந்தப் பேச்சு தவறியதில்லை.

இப்போது தீபாவளி கழிந்த கதை. நவம்பர் சம்பளம் டிசம்பர் முதல் வாரத்தில் கைக்கு வரும். அதில் அட்வான்ஸ் பிடித்தம் தொடங்கியிருக்கும். சட்டப்படி மாதச் சம்பளத்தில் பாதிவரை பிடிக்கலாம். மழையில் இளைத்த சம்பளம், அதில் பிடித்தம், மிச்சத்தை 555 புத்தகம் தின்றுவிடும். இந்தச் சம்பளம் வரப்போகிறது என்று தெரிந்த தொழிலாளிக்கு நவம்பர் மூன்றாம் வாரத்தில் விடியற்காலை எழ எப்படி மனம் வரும்? பெரட்டுக்களம் வெறிச்சோடும். "பண்டிகை மயக்கம் தெளியவில்லை" என்று துரைமார்கள் பேசிக்கொள்வார்கள். நான் செக்ரோலையும் பிடித்தப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். அட்வான்ஸ் வாங்காத சிலரும் இருந்தார்கள். அவர்கள் கட்டங்களில் ஓட்டை குறைவு. மயக்கம் பலகாரத்திலும் கள்ளிலும் இல்லை, பிடித்தத்தில்தான் இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்கு வந்த மேனேஜர் இந்த நாட்டில் பிறந்தவர். கேட்கக் காது உள்ளவர். நவம்பரில் பிடிக்காமல், பால் கொட்டுகிற டிசம்பரிலும் ஜனவரியிலும் பிடித்தால் என்ன என்று பெரிய கிராணி அவரிடம் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் ஒத்துக்கொண்டார். கம்பெனிக்கு ஒரு காசு நஷ்டமில்லை. தொழிலாளிக்குப் பண்டிகை கழிந்த முதல் சம்பளம் முழுதாகக் கையில் கிடைத்தது. அந்த நவம்பரில் பெரட்டுக்களம் நிறைந்திருந்தது. அதற்கு முன் பேசியும் மிரட்டியும் ஆகாத காரியம் ஒரு தேதியை மாற்றியதால் ஆனது.

டிசம்பர் வந்தால் காலை குளிர்ந்து கிடக்கும். குனோங் ஜெராய் உச்சியில் மேகம் படுத்திருக்கும். மரத்துக்குள் நீரழுத்தம் குறையாத விடிகாலையில் வெட்டினால் பால் சரசரவென்று இறங்கும். அளவுக்கு மேல் எடுத்த ஒவ்வொரு ராத்தலுக்கும் தனிக்காசு. பள்ளிக்கூடம் ஆண்டிறுதி விடுமுறையில் இருக்கும். அதனால் பத்து வயதுப் பிள்ளைகள் அப்பா அம்மாவோடு நிரைக்குப் போவார்கள், மங்கு துடைப்பார்கள், கோட்டுப்பால் உரிப்பார்கள், கட்டிப்பால் பொறுக்குவார்கள். நானும் அப்படிப் போனவன்தான். டிசம்பர் மாத விளைச்சலைக் கம்பெனி அறிக்கையில் பெருமையாகப் போடுவார்கள். அந்த விளைச்சலில் பிள்ளைகளின் விடுமுறை கலந்திருந்தது என்பது எந்தச் செக்ரோலிலும் இல்லை. நான் எழுதிய செக்ரோலிலும் அவர்கள் பெயருக்குக் கட்டம் கிடையாது. இது அநியாயம் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை.

1981ஆம் ஆண்டு முடிந்த இரவைச் சொல்லவேண்டும். தீபகற்பம் முழுக்க கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னால் தள்ளிவைக்க அரசாங்கம் உத்தரவிட்டது. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் ஆவதற்காக. 1982 பிறந்ததும் தோட்டத்துப் பெரட்டு மணி அதே ஐந்தரைதான். ஆனால் வானத்துக்கு அது ஐந்து. பால் கொட்டுகிற மாதத்தில், பனியில், அரைமணி இருட்டு கூடிப்போனது. பாம்பு பயம் வேறு. பெண்கள் தண்டலிடம் சொன்னார்கள்; தண்டல் ஆபீசுக்கு வந்தார்; சில நாள் இழுத்துப் பெரட்டு ஆறு மணிக்கு மாறியது. அந்தச் சில நாளும் வரிசையில் நின்ற முகங்களை நான் பார்த்தேன். கூலி குறையவில்லை, வேலை கூடவில்லை. விடியலைத் தங்களைக் கேட்காமல் ஒருவர் நகர்த்திவிட்டார் என்பதே அந்த முகங்களில் இருந்தது. மாற்றிய பிறகு ஒரு பாட்டி என்னிடம், "இப்பத்தான் ஐயா பொழுது பொழுதா இருக்கு" என்றாள்.

பிறகு தோட்டங்கள் வேகமாக மாறின. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்குக் கடுமையான அவசரம் உண்டு. பழுத்த குலையை வெட்டிய ஒரு நாளுக்குள் மில்லுக்குக் கொண்டுபோகாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். அதன் நிறைவிளைச்சலும் தீபாவளியை ஒட்டியே வரும். அதற்குள் எங்கள் பிள்ளைகள் பலர் தோட்டத்தில் இல்லை. சுங்கை பட்டாணியில் தொழிற்பேட்டைகள் வந்தன. 1996இல் கூலிம் ஹைடெக் பார்க் திறந்தது. நிரை வெட்டிய தாயின் மகள் வெள்ளைக் கோட்டும் முகமூடியும் போட்டுச் சிப்பு பரிசோதித்தாள். தோட்டத்தில் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும் வந்து லயங்களில் குடியேறினார்கள். அவர்களுடைய பெருநாளுக்கு அவர்கள் ஊர் கடல் தாண்டி இருக்கிறது. என் தாத்தாவுக்கு இருந்ததைப்போல.

தொழிற்சாலையில் ஆண்டிறுதி வேறு வேஷத்தில் அதே கதையாக வருகிறது. ஆர்டர் முடிக்கவேண்டும்; சேர்ந்த லீவை டிசம்பருக்குள் எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் போய்விடும்; பள்ளி விடுமுறை; கல்யாண வீடுகள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கிற என் பேத்தி, "தாத்தா, தீபாவளிக்கு லீவு கேட்டா ஆள் பத்தலைங்கிறாங்க" என்றாள். அவளுக்கு நான் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். வேலைச் சட்டப்படி ஆண்டுக்குப் பதினொரு பொது விடுமுறை சம்பளத்தோடு உண்டு. அவற்றில் ஐந்து கட்டாயம்: தேசிய நாள், பேரரசர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். தீபாவளி அந்த ஐந்தில் இல்லை. மற்ற ஆறை முதலாளி தேர்ந்து அறிவிப்பார். தீபாவளியைப் பெரும்பாலோர் சேர்க்கிறார்கள். அன்று வேலை வாங்கினால் அன்றைய சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் கூலி தரவேண்டும். விடுமுறைக்கு முந்திய நாளோ மறுநாளோ சொல்லாமல் வராதவர் விடுமுறைச் சம்பளத்தை இழப்பார். பழைய துரைமார்களின் "பண்டிகை மயக்கம்" இந்தக் கடைசி விதியில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

தைப்பூசத்துக்கோ கெடாவில் நெடுங்காலம் நிலையான விடுமுறை இருந்ததில்லை. ஆண்டுதோறும் மாநில அரசாங்கம் சிறப்பு விடுமுறை அறிவிக்கவேண்டியிருந்தது. 2021இல் பெருந்தொற்றைக் காரணம் சொல்லி அந்த அறிவிப்பை நிறுத்தியபோது ஜனங்கள் எவ்வளவு வருந்தினார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். காவடி எடுக்க முடியாத ஆண்டு அது. வீட்டை விட்டே வெளியே வர முடியாத நிலை. அப்படியிருந்தும் அந்த நாள் தங்களுடையது என்று பொதுவில் சொல்லப்படவேண்டும் என்று நினைத்தார்கள். நூறு ஆண்டு செக்ரோலைப் படித்தவனுக்கு அதில் வியப்பு இல்லை.

பேத்தியின் சூபர்வைசர் போன்றவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். டிசம்பர் ஷிப்டுப் பட்டியலை எழுதிவிட்டு ஒட்டாதீர்கள். எழுதுவதற்கு முன் ஆட்களைக் கூட்டிக் கேளுங்கள். தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் தங்களுக்குள் நாளை மாற்றிக்கொள்ள இடம் விடுங்கள். அவர்கள் கணக்கு தவறாது. சம்பளத்தைப் பண்டிகைக்கு முன் கொடுங்கள். பிடித்தத்தைப் பண்டிகைக்கு அடுத்த மாதத்தில் வைக்காதீர்கள். எங்கள் தோட்டத்தில் பலித்தது இவ்வளவுதான்.

வாசகர்களுக்கும் ஒன்று. கெடா தோட்டங்களின் செக்ரோல் புத்தகங்கள் ஆபீஸ் இடிக்கும்போது குப்பைக்குப் போய்விட்டன. தண்டல் வீடுகளிலும் கிராணி வீடுகளிலும் ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கும். அம்மாவின் டிரங்குப் பெட்டி அடியில் 555 புத்தகங்களும் இருக்கும். எங்கள் ஜனங்கள் எந்த நாள் உழைத்தார்கள், எந்த நாள் ஓய்ந்தார்கள், எதற்காகக் கடன்பட்டார்கள் என்பதற்கு அவற்றைத் தவிர வேறு எழுத்துச் சான்று அதிகம் இல்லை. வீடு மாறும்போது அவற்றை எரித்துவிடாதீர்கள். பக்கத்துத் தமிழ்ப்பள்ளி நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள்; எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.